முகூர்த்தம் தவறாத பிள்ளைகள்

போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்குத்தான் பரணி பாட வேண்டும் என்று பாட்டியல் நூல்கள் கறாராகச் சொல்லிவிட்டன. அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்பது என் எளிய வேண்டுகோள். யானைப் போரெல்லாம் போன நூற்றாண்டுகளோடு ஒழிந்துவிட்டது. நம் ஊர் நர்சிங் ஹோம்களிலோ நாள் தவறாமல் தலைப்பிரசவங்கள் வெல்லப்படுகின்றன. அதிலும் பல, எதிரி களத்துக்கே வராத நிலையில், அதாவது வலியே எடுக்காத நிலையில், பகல் சாப்பாட்டுக்கு முன்பாக வென்று முடிக்கப்படுகின்றன. இப்படி ஒரு வீரம் கலிங்கத்தில்கூட நடந்திருக்காது.

இது வாய்ப்பந்தல் இல்லை, கணக்கு இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21-ல் எடுத்தது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் சிசேரியன் 36 சதவீதம். தனியார் மருத்துவமனைகளில் 63.8. இரண்டுக்கும் நடுவே பல ஊர்களில் இருப்பது ஒரு சாலை, ஒரு டீக்கடை, ஒரு மருந்துக் கடை. அந்தச் சாலையைக் கடந்து முடிப்பதற்குள் தமிழ்ப் பெண்ணின் இடுப்பெலும்பு குறுகிவிடுகிறது. பனிக்குடத் தண்ணீர் வற்றிவிடுகிறது. பிள்ளையின் தலை பெருத்துவிடுகிறது, கொடி கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது. உடம்பு மாற லட்சக்கணக்கான வருடங்கள் ஆகும் என்று சொன்ன டார்வின் நம் ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்ததில்லை.

சந்தேகப் பிராணிகள் சிலர் உண்டு. தனியாருக்குப் போகும் பெண்களுக்கு வயது கூடுதல், எடை கூடுதல், சர்க்கரை இருக்கும், பல வருடம் சிகிச்சை எடுத்துத் தரித்த கருவாக இருக்கும், அதனால்தான் எண்ணிக்கை ஏறுகிறது என்பார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வந்தவள், நஞ்சு பிரிந்து உதிரம் கொட்டுகிறவள், ரத்தம் சுண்டிப்போய்க் காலெல்லாம் வீங்கியவள் எல்லோரும் 108-ல் வந்து இறங்கும் இடம் ஜி.எச்.தான். நர்சிங் ஹோமிலேயே நிலைமை கைமீறினாலும், 'ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிடுங்க' என்று வழியனுப்பி வைக்கும் பெருந்தன்மை நம்மவர்களுக்கு உண்டு. இத்தனை கஷ்டமான கேஸ்களை வாங்கிக்கொண்டும் 36-க்கு மேல் ஏற முடியாத அரசு டாக்டர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவர்களும் முயற்சி செய்யாமல் இல்லை. ஐந்து வருடம் முந்தைய சுற்றில் அவர்கள் 26.3-ல் இருந்தார்கள்.

இங்கே ஒரு டப்ளின்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக்கேல் ராப்சன் என்ற மகப்பேறு மருத்துவர். பிரசவத்துக்கு வரும் எல்லாப் பெண்களையும் பத்துப் பிரிவாகப் பிரித்து, எந்தப் பிரிவில் எத்தனை பேருக்குச் சிசேரியன் ஆகிறது என்று பார்த்தால் ஒரு மருத்துவமனையின் வண்டவாளம் தெரிந்துவிடும் என்று 2001-ல் எழுதிவைத்தார். முதல் பிரிவில் இருப்பவள் தலைச்சன் பிள்ளைக்காரி: ஒற்றைக் கரு, தலை கீழே, 37 வாரம் முடிந்துவிட்டது, வலி தானாக வந்திருக்கிறது. இரண்டாம் பிரிவும் அதே தலைச்சன்தான், ஆனால் வலி மருந்தால் வரவழைக்கப்பட்டது, இல்லையென்றால் வலிக்கு முன்பே கத்தி வைக்கப்பட்டது. முதல் பிரிவில் சிசேரியனை நூற்றுக்குப் பத்துக்குள் வைத்திருக்க முடியும், இரண்டாம் பிரிவில் பொதுவாக 20 முதல் 35 வரை போகும் என்பது இந்த முறைக்கான வழிகாட்டி நூல் தரும் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இந்த முறையையே எல்லா நாடுகளும் கைக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது.

நம்மவர்களின் மேதைமை இங்கேதான். முதல் பிரிவுப் பெண்ணைத் தொட்டால் கணக்குக் கேட்பார்கள் அல்லவா? ஆகவே அவளை முதல் பிரிவிலேயே விட்டுவைப்பதில்லை.

டியூ டேட் என்று ஒரு தேதியைக் குறித்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தேதியிலேயே பிறக்கிற பிள்ளை இருபதில் ஒன்று இருந்தால் அதிகம். தலைச்சன் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டொரு நாளாவது தள்ளித்தான் வரும். ஆனால் பிளாஸ்டிக் ஃபைலின் மேல் அந்தத் தேதி கொட்டை எழுத்தில் இருப்பதால், அன்று காலை வரை வலி வராவிட்டால் அது பெண் செய்த குற்றமாகிவிடுகிறது. 'நாளைக்கு வந்து அட்மிட் ஆயிடுங்க, ஜெல் வச்சுப் பாப்போம்.' காலை ஆறு மணிக்கு ஜெல். பத்து மணிக்கு டிரிப்ஸில் வலி ஊசி. பிற்பகல் மூன்று மணிக்கு, 'வலி சரியா வரலைம்மா.'

மருந்து கொடுத்து வலி வரவழைப்பதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, சொல்வதற்கு ஆதாரமும் இல்லை. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட, சிக்கல் எதுவுமில்லாத தலைச்சன் தாய்மாரிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 39-ம் வாரம் வலி வரவழைத்தவர்களில் சிசேரியன் 18.6 சதவீதம். இயற்கையாக வரட்டும் என்று விட்டவர்களில் 22.2. மருந்து கொடுத்ததால் கத்தி குறைந்துதான் இருக்கிறது. அந்த அமெரிக்கர்கள் செய்த ஒரே பிழை, மருந்தைக் கொடுத்துவிட்டு அது வேலை செய்யும்வரை பொறுத்திருந்ததுதான். சாயங்காலம் ஓ.பி. பார்க்க வேண்டிய டாக்டராக இருந்திருந்தால் அப்படி நேரத்தை வீணடித்திருக்க மாட்டார்கள்.

மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற சட்டமும் இருக்கிறது. கருப்பை வாய் அந்த வேகத்தில் திறக்க வேண்டும், திறக்காவிட்டால் 'பிராக்ரஸ் இல்லை'. இந்தச் சட்டத்தின் பூர்விகம் நியூயார்க். இமானுவேல் ஃப்ரீட்மன் என்ற இளம் மருத்துவர் 1950-களில் ஒரே மருத்துவமனையில் ஐந்நூறு தலைச்சன் பெண்களைக் கவனித்து ஒரு வளைகோடு வரைந்தார். அந்தப் பெண்களில் பாதிக்கு மேல் ஆயுதம் போட்டுப் பிள்ளை எடுக்கப்பட்டவர்கள். அரை மயக்கத்தில் கிடந்தவர்களும் அவர்களுக்குள் நிறைய. அந்தக் கோட்டுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆன பிறகு, 2018-ல் உலக சுகாதார நிறுவனம், ஐந்து சென்டிமீட்டர் வரை எதையும் வேகம் கட்டி அளக்க வேண்டாம், அதற்கப்புறமும் மணிக்கு ஒன்று என்பது பல பெண்களுக்கு நடக்காத காரியம், தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் அதை மட்டும் வைத்து அறுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் பல லேபர் வார்டுகள் இந்தப் புதுமோகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. பெரியவர்கள் வகுத்த வழியைச் சட்டென்று விட்டுவிடாத குணம் தமிழனுக்கு என்றைக்கும் உண்டு.

வயிற்றில் பெல்ட் கட்டி இதயத் துடிப்பைக் காகிதத்தில் ஓடவிடும் கருவிக்குத் தனி வணக்கம் வைக்க வேண்டும். சிக்கல் இல்லாத பெண்ணுக்குக் குறிப்பிட்ட இடைவெளிகளில் காதால் கேட்டாலே போதும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விடாமல் கட்டி வைத்தவர்களையும் அவ்வப்போது கேட்டுப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டுத் தொகுத்த ஆய்வுகளில், பெல்ட் கட்டியபோது பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது பாதியாகக் குறைந்தது, அது அரிதாக வருவது என்றாலும். குழந்தை இறப்பிலோ மூளைவாதத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. சிசேரியன் கூடியது. ஆனால் கருவியின் அருமை அந்த ஆய்வுகளுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பெண்ணின் அப்பாவிடம் காட்டலாம். கோடு இறங்குகிற இடத்தைப் பேனாவால் சுழித்துக் காட்டலாம். அவர் ரிட்டயர்டு தலைமை ஆசிரியராக இருந்தாலும் சரி, டிராக்டர் மெக்கானிக்காக இருந்தாலும் சரி, அந்தச் சுழிக்கு எதிராக அவரால் ஒன்றும் பேச முடியாது.

காகிதம் இல்லாவிட்டால் கொடி இருக்கவே இருக்கிறது. பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குக் கொடி கழுத்தைச் சுற்றியிருக்கும். தலை வெளியே வந்ததும் நர்ஸ் விரலை விட்டு மாலையைக் கழற்றுகிற மாதிரி கழற்றிவிடுவார், அநேகமாக அவ்வளவுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதப்படும்போது மட்டும் அதே கொடி தூக்குக் கயிறாகிவிடுகிறது. பேரப்பிள்ளைக்குக் கழுத்தில் கயிறு என்று கேட்ட பாட்டிக்கு அப்புறம் எந்தப் புள்ளிவிவரம் காதில் ஏறும்?

"ரிஸ்க் எடுக்கலாம்னா எடுக்கலாம்ங்க. வெயிட் பண்றோம்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திடுங்க. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"ஐயோ, வேண்டாங்க டாக்டரம்மா. எதுன்னாலும் நீங்களே பாத்து செஞ்சிடுங்க."

இதற்குப் பெயர் நோயாளியின் சுயவிருப்பம். ஆய்வுக்காரர்கள் வந்து கேட்டால் 'குடும்பமே கேட்டுக்கொண்டது' என்று பதிவாகும். கட்டிலில் கிடப்பவளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவளுக்கு அப்போது வலி.

டாக்டர்களின் தியாகத்தையும் மறந்துவிடக் கூடாது. சிறு ஊர் நர்சிங் ஹோமில் டாக்டர் ஒருவர், தியேட்டர் ஒன்று. மயக்க டாக்டர் போன் போட்டால் வருவார், நாலு ஆஸ்பத்திரிக்கு அவர் ஒருவரே. தலைச்சன் பிரசவம் பன்னிரண்டு மணி நேரமும் ஆகும், பதினெட்டும் ஆகும். நடுராத்திரி இரண்டு மணிக்கும் முடியும். முக்கால் மணி நேரத்தில் முடிகிற ஆபரேஷனுக்குக் கட்டணம் கூடுதல், பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்குக் குறைவு. இந்தக் கட்டணப் பட்டியலை எழுதியவர் யாரோ, மனித சுபாவத்தை நன்றாகப் படித்தவர். போதாததற்குச் சட்டமும் துணை நிற்கிறது. மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்துவிட்டது. அறுத்ததற்காக வழக்குப் போடுகிறவர் அபூர்வம். ஏன் முன்னாலேயே அறுக்கவில்லை என்று கேட்டுத்தான் வழக்கு வரும், சில ஊர்களில் வக்கீலுக்கு முன் கல்லும் கட்டையும் வரும். ஆக நாமும் சேர்ந்து வளர்த்த கலைதான் இது. பாராட்டில் நமக்கும் பங்கு உண்டு.

நம் பங்கு சிறியதும் அல்ல. பஞ்சாங்கத்தோடு டாக்டர் அறைக்குள் நுழைகிற சம்பந்திகளை வேறு எந்த நாட்டில் பார்க்க முடியும்? பெண் பிள்ளையாக இருந்து மூல நட்சத்திரத்தில் பிறந்துவிட்டால் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது. சித்திரையில் தலைச்சன் பிறந்தால் குடும்பத்துக்கே ஆகாது, அதனால் பங்குனி முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். ராகு காலம், எமகண்டம் போக மீதியிருக்கிற நேரத்தில் ஜோசியர் ஒரு மணி குறித்துக் கொடுப்பார். மயக்க டாக்டருக்கும் தோதாக இருக்க வேண்டும் என்பதால் அதில் கால் மணி முன்பின் திருத்தம் நடக்கும். பிள்ளையின் விதியை எழுதுவது பிரம்மன் என்று முன்பு நம்பியிருந்தோம். இப்போது அவன் அட்டவணையைப் பார்த்து எழுதுகிறான். அப்படி முப்பத்தேழாம் வாரத்திலும் முப்பத்தெட்டாம் வாரத்திலும் நல்ல நேரத்துக்கு வெளியே எடுக்கப்பட்ட பிள்ளைகளில் சில மூச்சுத் திணறும். 39 வாரம் முடியாமல், வலியும் இல்லாமல் எடுத்தால் அந்த ஆபத்து கூடுதல் என்பது டாக்டர்களுக்கு நன்றாகவே தெரிந்த சங்கதி. அதற்கென்ன, மாடியில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அது பேக்கேஜில் சேராது.

வலி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 'எம்பொண்ணு வலி தாங்க மாட்டா' என்று சொல்லி ஆபரேஷன் கேட்கும் தாய்மார்களை டாக்டர்கள் கேலி செய்வதுண்டு. முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைத்துக்கொண்டே சுகப்பிரசவம் பார்க்க வழி இருக்கிறது. ஆனால் அதற்கு மயக்க டாக்டர் கைக்கெட்டும் தூரத்திலேயே மணிக்கணக்காக இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் இருந்தால் போதும். ஆகவே வலி குறைய வேண்டுமா, அறுத்துக்கொள். அறுக்க வேண்டாமா, கத்து. இரண்டில் எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முழுச் சுதந்திரம் நம் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கத்துகிறவளுக்கு ஜி.எச். லேபர் வார்டில் தரப்படும் உபசாரத்தையும் சொல்லாவிட்டால் பரணி ஒருதலைப்பட்சமாகிவிடும். 'படுக்கும்போது இனிச்சுதா?' என்ற கேள்வி பல தலைமுறைத் தமிழ்ப் பெண்கள் காதால் கேட்டது. வயிற்றின் மேல் கையை வைத்து அமுக்குவது, தலைச்சன் என்றால் கேள்வியே இல்லாமல் கீழே கத்தரிப்பது, இரண்டையும் வழக்கமாகச் செய்யாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி வருகிறது. பிரசவ நேரத்தில் அவளுக்குப் பிடித்த ஒருத்தர் விடாமல் பக்கத்தில் இருந்தாலே சிசேரியன் குறைகிறது, சுகப்பிரசவம் கூடுகிறது என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. காசே செலவில்லாத மருந்து. பிரசவத் துணை என்று ஒரு பெண் உறவை உள்ளே விடும் வழக்கத்தை நம் அரசு மருத்துவமனைகள் கொண்டுவந்தன. அதைப் பார்த்துவிட்டுத் தனியார்கள் போட்டி போடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மகள், நடுவில் 'அமைதி காக்கவும்'. ஏ.சி. மட்டும் நன்றாக வேலை செய்கிறது. ஜி.எச்.சின் அந்த 'இனிச்சுதா' கேள்வியைக் காதில் வாங்காமல் இருப்பதற்காகவே கடன் வாங்கியாவது சாலையின் இந்தப் பக்கம் வருகிற குடும்பங்கள் எத்தனையோ. சாலையின் ஒரு பக்கத்து வாய்தான் மறுபக்கத்துக் கத்திக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது.

தலைச்சனில் கத்தி வைப்பதில் உள்ள தொலைநோக்கைப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. முதல் பிள்ளை சிசேரியன் என்றால் இரண்டாவதும் சிசேரியன் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். தகுந்த பெண்ணைத் தேர்ந்து, அவசரத் தியேட்டரும் ரத்தமும் உள்ள இடத்தில் காத்திருந்தால், முன்பு சிசேரியன் ஆனவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் சுகமாகப் பெறுவார்கள். தழும்பு விட்டுப்போகும் அபாயம் ஏறக்குறைய இருநூற்றில் ஒன்று. மெய்யான அபாயம்தான், அதனால்தான் வசதியுள்ள இடம் வேண்டும் என்கிறேன். ஆனால் காத்திருப்பு என்பதே வழக்கில் இல்லாதபோது அந்தப் பேச்சு எதற்கு. ராப்சனின் ஐந்தாம் பிரிவு, அதாவது ஏற்கெனவே அறுக்கப்பட்டவர்களின் பிரிவு, தானாகவே நிரம்புகிறது. முதல் பிள்ளையின் போதே இரண்டாம் பிள்ளைக்கு முன்பதிவு செய்துவிடும் தொழில் வேறு ஏதாவது உண்டா? அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு கீழிறங்கிப் பழைய தழும்பின் மேல் ஒட்டி வேரோடிவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்க நேரும். நஞ்சு கீழே இருக்கும் பெண்ணுக்கு அது முதல் சிசேரியனாக இருந்தால் இப்படி ஒட்டிக்கொள்வது நூற்றில் மூன்று பேருக்கு, இரண்டாவதாக இருந்தால் பதினொருவருக்கு, மூன்றாவதாக இருந்தால் நாற்பது பேருக்கு என்று அமெரிக்காவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் அநேகமாக ஜி.எச்.சுக்கு வந்திருப்பாள். பெருந்தன்மை பற்றி முன்பே சொன்னேன்.

சிசேரியனே வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் அதே ஐந்தாம் சுற்றில் நாகாலாந்தில் சிசேரியன் 5.2 சதவீதம். அங்கே பிரசவங்களில் பாதிக்கு மேல் மருத்துவமனைக்கே வரவில்லை. அந்த எண்ணிக்கையைப் பார்த்து இயற்கை வாழ்வு என்று மகிழ எனக்குத் தைரியம் இல்லை. குறுக்கே கிடக்கும் பிள்ளைக்கும் வாசலை அடைத்துக்கொண்ட நஞ்சுக்கும் கத்தியைவிட்டால் கதியில்லை. தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 2018-20 கணக்கில் 54 என்று இறங்கியிருப்பதற்கு அறுவை அரங்குகளும் காரணம். இரவு பகலாகத் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், அங்கே இருக்கும் நர்சுகளும், ரத்த வங்கிகளும், 108 வண்டியும், ஒவ்வொரு தாய் இறப்பையும் கோப்பெடுத்து விசாரிக்கும் கலெக்டர் கூட்டமும் காரணம். விசாரிக்கப்படுவது இறப்பு மட்டும்தான். உயிரோடு வீட்டுக்குப் போனவளின் வயிற்றை எதற்காகத் திறந்தோம் என்று யாரும் கோப்பெடுப்பதில்லை.

1985-ல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் உலக சுகாதார நிறுவனம் கூடி, எந்தப் பகுதியிலும் சிசேரியன் 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டக் காரணமில்லை என்று சொன்னது. அந்தக் கூட்டத்துக்கு இடம் கொடுத்த பிரேசிலில் இன்று பாதிக்கு மேல் சிசேரியன். விருந்தோம்பல் வேறு, உபதேசம் கேட்பது வேறு. நம் நாட்டில் அந்த ஐந்தாம் சுற்றுக் கணக்கில் தெலங்கானா 60.7 சதவீதத்தோடு முதலிடம். 44.9-ல் நாம் மாநிலங்களில் இரண்டாவது. தெலங்கானாவின் தனியார்கள் 81.5-ஐ எட்டிவிட்டார்கள். நம்மவர்கள் ஐந்து வருடத்தில் 51.3-லிருந்து 63.8 வந்திருக்கிறார்கள். இதே ஊக்கத்தோடு போனால் எட்டிப் பிடிப்பது பெரிய காரியம் இல்லை.

ஒரே மனக்குறை, இத்தனை சாதனையையும் அவர்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. 2017-ல் மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகள் சுகப்பிரசவம் எத்தனை, சிசேரியன் எத்தனை என்று எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது. நம் ஊர் வரவேற்பறைகளில் அந்தப் பலகையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா மூன்று படமும் இருக்கின்றன. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற அறிவிப்பு இருக்கிறது. டாக்டரம்மாவின் தங்கப் பதக்கம், மந்திரியோடு எடுத்த போட்டோ, அறை வாடகை, இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பட்டியல், செருப்பைக் கழற்றிவிட்டு வரவும், டூ வீலர் நிறுத்தாதீர் எல்லாம் இருக்கின்றன. தலைச்சன் பிள்ளைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் தானாகப் பெற்றுப் போனார்கள் என்ற ஒரே ஒரு எண்ணுக்குத்தான் சுவரில் இடமில்லை. கேட்டால் ரிசப்ஷன் பெண் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் டாக்டர்கிட்டதான் சார் கேக்கணும்" என்கிறாள். டாக்டர் தியேட்டரில் இருக்கிறார்.